மழைக்காட்டு வல்லப்பட்டையை வெட்டி விற்கும் வணிகத்துக்கு எமது கண்டனம்

கண்டன அறிக்கை
கல்முனை

இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் வளரும் வல்லப்பட்டை மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டி, கருமையேறிய பாகத்தைச் சீவியெடுத்து, வெளிநாட்டு ஊதுச் சந்தைக்குக் கடத்தும் வணிகத்தை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கின்றது. கோடரி பிடித்தவரையும் பொதி சுமந்தவரையும் நீதவான் முன் நிறுத்தித் தண்டப்பணம் கட்ட வைத்துவிட்டு, வெட்டச் சொல்லி முற்பணம் கொடுத்தவரைத் தேடாமல் விடும் நடைமுறையையும் அதே வன்மையோடு கண்டிக்கின்றது. அந்தக் கட்டையின் மணத்தை விரும்பி, அது எந்தக் காட்டிலிருந்து எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கும் எமது சமூகத்தின் மௌனத்தையும் இந்தக் கண்டனத்திலிருந்து நாங்கள் விலக்கவில்லை.

காலி, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களின் மரத்துக்காகக் கல்முனையில் ஏன் அறிக்கை என்று சிலர் கேட்கலாம். சிங்கராஜாவும் கன்னெலியவும் நாட்டின் மறு மூலையில் இருக்கின்றன. எங்கள் பக்கம் உலர்வலயம். வல்லப்பட்டை இங்கே முளைப்பதில்லை. ஆனால் அதன் புகை இங்கே எழுகிறது. நிக்காஹ் வீட்டிலும், பெருநாள் காலையிலும், மௌலூது மஜ்லிஸிலும், கபன் துணிக்குப் புகையூட்டும் வேளையிலும் ஊது எங்கள் வாழ்வோடு கலந்தது. சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்த ஊருக்குப் போனாலும் அத்தர் விற்கும் கடையில் ஊதுக் கட்டை இருக்கும். உம்றாவுக்குப் போய் வருபவர் கையில் ஒரு சிறு டப்பா இருக்கும். அந்த மணத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. நறுமணத்தை விரும்புவது சுன்னத்து என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மணம் களவு மரத்திலிருந்து வரக்கூடாது என்பதே எங்கள் பேச்சு. பயன்படுத்துகிறவன் கேள்வி கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு யார் கேட்பார்?

இந்த மரம் என்ன, அதற்கு என்ன செய்கிறார்கள் என்பதை விளக்கமாகச் சொல்வது எங்கள் கடமை. எம்மவர் பலரும் ஊது என்றால் சந்தனத்தைப் போல ஒரு மரத்தின் இயல்பான மணம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. வல்லப்பட்டை, உலகச் சந்தையில் ஊது எனப்படும் அகில் கட்டை தரும் மரங்களின் நெருங்கிய உறவு. நேராகவும் ஒல்லியாகவும் வளரும். ஏறத்தாழ 15 மீற்றர் உயரம் போகும். நல்ல நிலையில் இருக்கும் மரத்தின் கட்டை வெளிறிய நிறமும் இலேசான எடையும் கொண்டது. மணமே கிடையாது. அதன் பட்டையை உரித்துக் கயிறு திரிப்பதுதான் கிராமத்தவர் அறிந்த பயன். மரத்தில் காயம் பட்டு, அந்தக் காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய பாகம் ஆண்டுக்கணக்கில் கறுத்து, கனத்து, மணம் பெறுகிறது. ஊது என்பது அதுதான், நோயோடு போராடிய மரத்தின் தற்காப்பு.

காட்டில் நிற்கும் எல்லா மரத்திலும் இது நேர்வதில்லை; சிலவற்றில் மட்டுமே நேரும். எதற்குள் பிசின் இருக்கிறது என்று வெளியே நின்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதனால் களவாக வெட்டுபவர்கள் தேடிப் பார்ப்பதற்காகவே வெட்டுகிறார்கள். ஒன்றை வீழ்த்திப் பிளந்து, வெள்ளைக் கட்டையாக இருந்தால் அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். பிசின் இருந்தாலும் எடுத்துப் போவது சில துண்டுகளைத்தான். மிச்ச மரம் முழுவதும் காட்டிலேயே மக்கிப்போகிறது. பூத்துக் காய்க்கும் வயதுள்ள மரங்களே அதிகம் வெட்டுப்படுவதால் அடுத்த தலைமுறைக்கு விதை கொடுக்கத் தாய்மரம் இல்லாமல் போகிறது. இந்த இனத்து விதைகளை நெல்லைப் போல உலர்த்தி மூட்டையில் கட்டி வைக்க முடியாது. விரைவில் முளைக்கும் திறனை இழந்துவிடும். மரக்கடத்தல் என்ற சொல்லுக்குள் இந்த அழிவு முழுதாக அடங்குவதில்லை.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த மரத்தை யாரும் பெரிதாக நாடவில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வல்லப்பட்டையின் பிசினை ஆராய்ந்து, அது வெளிநாட்டு அகில் மரங்களின் பிசினுக்கு ஒத்தது என்று 2012ஆம் ஆண்டளவில் வெளியிட்டார்கள். அது நல்ல ஆய்வு. தோட்டப் பயிராக வளர்த்து நாட்டுக்கு வருமானம் தேட வழிகாட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்கத் திணைக்களத்தினர் பயணப் பொதிகளிலிருந்து வல்லப்பட்டைத் துண்டுகளைக் கைப்பற்றத் தொடங்கினார்கள். பெரும்பாலும் மத்திய கிழக்கை நோக்கிய பொதிகள். அன்று தொடங்கிய செய்தி இன்றும் ஓயவில்லை. வாசிக்கிறவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது என்பதே எங்களை இந்த அறிக்கைக்குத் தூண்டியது.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் சமவாயத்தில் இலங்கை 1979இல் இணைந்தது. வல்லப்பட்டை அடங்கும் மரப் பேரினம் முழுவதும் 2005 முதல் அதன் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. ஏற்றுமதிக்கு அரச அனுமதிப்பத்திரம் கட்டாயம். உள்நாட்டில் வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டியுள்ளது. சொந்தப் பாவனைக்கு ஒரு கிலோ வரை கொண்டுபோகலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். ஒரு பயணி ஒரு கிலோ கட்டைத் துண்டும் 24 மில்லிலீற்றர் எண்ணெயும் இரண்டு தஸ்பீஹ் மாலையும் கொண்டுசெல்லச் சைட்ஸ் விதிகளில் ஒரு சலுகை உள்ளது உண்மை. அது சட்டப்படி பெறப்பட்ட பொருளுக்கு மட்டுமே உரியது. அரச காட்டில் களவாக வெட்டிய மரத்துக்கு அந்தச் சலுகை ஒருநாளும் பொருந்தாது.

இந்தப் பொய்யை அதிகம் நம்பக்கூடியவர்கள் யார்? கட்டாருக்கும் துபாய்க்கும் சவூதிக்கும் தொழில் தேடிப் போகும் எங்கள் பிள்ளைகள். எம் பிரதேசத்தில் கடல் கடந்து போனவர் இல்லாத தெரு இல்லை. பயண நாள் நெருங்கும்போது, “மகன், இந்தச் சின்னப் பார்சலையும் கொண்டுபோங்க, அங்க நம்மட ஆள் வந்து எடுப்பார்” என்று கொடுப்பவரின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாத பிள்ளைகள். பிடிபட்டால் பொருள் அரசுடைமை, தண்டப்பணம் தலையில், கடன்பட்டுக் கட்டிய விசாக் காசும் பயணமும் போச்சு. பார்சல் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் அடுத்த வாரம் வேறொரு பிள்ளையைத் தேடுவார். ஏழையின் தேவையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் இந்தப் பேர்வழிகளை நாங்கள் கடுமையாகக் கண்டிக்கின்றோம். தாய் தந்தையரே, உள்ளே என்னவென்று தெரியாத எந்தப் பொதியையும் பிள்ளையின் கையில் கொடுக்க விடாதீர்கள்.

அரசைப் பற்றியும் பேச வேண்டும். 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்குக்காடாகப் பிரகடனப்படுத்தப்படாமல் எஞ்சியிருந்த அரச காடுகளை வனத் திணைக்களத்தின் பாதுகாப்பில் வைத்திருந்தது. 2020 நவம்பர் 4ஆம் திகதி அது இரத்துச் செய்யப்பட்டு, அந்தக் காடுகள் பற்றிய அதிகாரம் மாவட்டச் செயலாளர்களுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும் கைமாற்றப்பட்டது. சுற்றாடல் அமைப்புகள் அன்று நீதிமன்றம் சென்றன. ஈரவலயத்தில் எஞ்சிய காடு என்பது பெரும்பாலும் துண்டு துண்டாகக் கிடப்பது: தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே, கிராமத்தை ஒட்டி, சில ஏக்கர்களாக. வல்லப்பட்டை அப்படியான ஓரங்களிலும் நிற்கிறது. பெயர் பெற்ற சிங்கராஜாவுக்குக் காவலரண் உண்டு. பெயரில்லாத ஓரக்காட்டுக்கு அந்தச் சுற்றறிக்கையைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் மனத்தாங்கல் ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. வட்டமடுவிலிருந்து பொத்துவில் வரை, தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்த காணிக்குள் வன எல்லைக் கற்கள் நடப்பட்டதால் வயலுக்குள் இறங்க முடியாமல் நின்ற விவசாயிகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீதி வேண்டும் என்று நாங்கள் தொடர்ந்து குரல் கொடுப்போம். வரம்பு கட்டிய வயலில் கல் நடுவதற்குக் கிடைக்கும் ஆளணி, மழைக்காட்டின் உள்ளே வெட்டுப்படும் மரத்தைக் காக்கக் கிடைக்காமல் போவது எப்படி என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு உண்டு. ஆனால் காணிப் பிரச்சினை இருக்கிறது என்பதற்காகக் காடு அழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கு அழகல்ல. வனத் திணைக்களத்தோடு எங்களுக்கு வழக்கு இருக்கலாம். காட்டோடு எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை.

இன்னொன்றும் இதோடு சேர்கிறது. இந்நாட்டில் காடழிப்புப் பேச்சு வரும்போதெல்லாம் அதை ஓர் இனத்தின் தலையில் கட்டும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழித்தார்கள் என்று எழுதப்பட்டதையும் பேசப்பட்டதையும் நாங்கள் மறக்கவில்லை. ஊது அரபு நாட்டுக்குப் போகிறது, முஸ்லிம்கள் பாவிக்கிறார்கள் என்ற இரண்டு உண்மைகளை எடுத்து ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சிலருக்கு எளிது. வல்லப்பட்டை வழக்குகளில் சிக்குபவர்கள் எல்லா இனத்தவரும்தான். கோடரிக்கு மதம் கிடையாது. அந்தக் குற்றச்சாட்டுக்குப் பயந்து நாங்கள் வாய்மூடி இருப்பதை விட, எங்கள் பக்கத்துப் பாவனையை நாங்களே முன்வந்து சீர்செய்வது நேர்மையானது என்று எமது நிர்வாக சபை கருதுகிறது.

ஒரு மரம் சந்தைக்காகவே தீர்ந்துபோவது இத்தீவுக்குப் புதிதல்ல. ஈரவலயக் காட்டுக்கே உரிய கலுமெதிரிய என்ற மரத்தில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் செய்வித்த மேசை, அலுமாரிகள் இன்றும் அரும்பொருளகங்களில் பளபளக்கின்றன. அந்த மரம் அரிதாகிப் போனதை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலிலேயே பதிந்துவிட்டார். எங்கள் கரையோரமும் விதிவிலக்கல்ல. திருகோணமலை மரம் என்று மதராஸ் படகுத் துறையில் பெயர் வாங்கிய சாவண்டலை, கறுப்பு வைரமாக விலைபோன கருங்காலி, மாட்டு வண்டிக்கும் வீட்டு நிலைக்கும் எங்கள் பாட்டன்மார் தேடிய முதிரை, மழை பொய்த்தாலும் நின்று பழம் தரும் பாலை, எல்லாம் இந்தக் கிழக்குக் காட்டின் சொத்து. கல்முனைக்குடியின் பழைய வீடுகளில் முதிரை நிலையும் கதவும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. அதே பருமனில் ஒரு முதிரையை இன்று காட்டில் தேடிப் பார்த்தால் தெரியும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தந்தது, அதற்காகப் பெருங்காடு அழிந்தது. அந்த நீரேந்து பகுதியைக் காக்கத்தான் 1954இல் கல்லோயாத் தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. காடு போனால் வாய்க்காலில் என்ன வரும் என்பது நெல் விதைக்கிற எங்களுக்கு ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு 1990இல் நிறுத்திய பிறகும் முதிரைக் குற்றிகள் லொறிகளில் பிடிபடும் செய்தி வரத்தான் செய்கிறது. அதையும் இவ்வறிக்கையில் கண்டிக்கின்றோம்.

அறிக்கை விட்டால் ஆகப்போவது என்ன என்பவர்களுக்குச் சிங்கராஜாவை நினைவூட்டுகிறோம். 1970களின் தொடக்கத்தில் கொஸ்கம ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அந்தக் காட்டுக்குள் இயந்திரங்கள் நுழைந்தன. பேராசிரியர்கள், பிக்குகள், மாணவர்கள், கிராமத்தவர், பத்திரிகைக்காரர் என்று பலரும் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் மனுக் கொடுத்தும் வந்தார்கள். 1977இல் அந்த வெட்டு நின்றது. 1988இல் சிங்கராஜா உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் அற்றுப்போனதாகக் குறிக்கப்பட்ட குருடியா செலனிக்கா என்ற மரம் 2019இல் கம்பஹா மாவட்டம் தரலுவையில் உயிரோடு காணப்பட்டதும், 2021இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்ட முனைந்தபோது ஊரே திரண்டு எதிர்த்ததும் அண்மைக்கால வரலாறு. ஒற்றை மரத்துக்காக அந்த ஊர் எழுந்தது. நாங்கள் ஒரு மர இனத்துக்காகக் கேட்கிறோம்.

மாற்று வழி இல்லாத இடத்தில் தடை மட்டும் பேசுவது நியாயமாகாது. இங்கே வழி இருக்கிறது. தோட்டத்தில் வளர்த்த அகில் மரத்தில் துளையிட்டு, பூஞ்சணத்தை ஏற்றி, பிசினை உருவாக்கும் முறை இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் பெருந்தோட்டங்கள் உண்டு. காட்டு அகில் அரிதாகிப்போன அசாமில் வீட்டுத் தோட்டங்களில் மரம் வளர்த்து வாழும் குடும்பங்கள் ஏராளம். அங்குள்ள ஹோஜாய் நகரின் அகில் வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. இலங்கையிலும் ஈரவலயத்தில் பயிரிடுகிறார்கள். ஆகவே எங்கள் பிரதேச அத்தர் வியாபாரிகளிடம் நாங்கள் கேட்பது கடையை மூடும்படி அல்ல. வாங்கும் ஊதுக்கு இது தோட்டத்தில் விளைந்தது என்ற சான்றைக் கேளுங்கள், சான்றில்லாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள், வாடிக்கையாளர் கேட்டால் சான்றைக் காட்டுங்கள். விலை மலிவாக, பற்றுச்சீட்டு இல்லாமல், துணிப்பையில் வரும் கட்டை எங்கிருந்து வருகிறது என்பது வியாபாரிக்குத் தெரியாமல் இருக்காது.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஜம்இய்யத்துல் உலமாவின் பிரதேசக் கிளைகளிடமும் பணிவாக வேண்டுவது ஒன்று. மரம் நடுவதை ஸதகாவாகக் கருதும் மார்க்கம் நம்முடையது. வீண்விரயத்தையும் பொதுச்சொத்துக் களவையும் அது வெறுக்கிறது. இந்த விடயத்தை ஒரு ஜும்ஆ குத்பாவிலாவது பேசுங்கள். பள்ளிவாசலுக்கு நன்கொடையாக வரும் ஊதையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ஹராமான வழியில் வந்த பொருள் அல்லாஹ்வின் வீட்டில் புகையக்கூடாது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களில் வெளியூர் வியாபாரிகள் பலர் இங்கே கடை விரிப்பதால், கல்முனை மாநகர சபையும் அக்கடைகளில் ஒரு கண் வைக்க வேண்டும்.

அரசிடம் நாங்கள் கோருவது: வல்லப்பட்டை வழக்குகளில் பொதி சுமந்தவரோடு விசாரணையை நிறுத்தாமல் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று தொடர்ந்து செல்லுங்கள். வறுமையால் வெட்டப் போனவருக்கும் அதை வைத்துக் கோடி பார்த்தவருக்கும் ஒரே தராசு வேண்டாம். ஒதுக்குக்காடாகாமல் எஞ்சிய காடுகளை முழுமையான பாதுகாப்புக்குள் கொண்டுவாருங்கள். காட்டோரக் கிராமத்தவருக்கு வல்லப்பட்டை நாற்றுகளும் பயிற்சியும் கொடுத்து, அவர்கள் வளர்த்த மரத்தைச் சட்டப்படி விற்கும் வழியை இலகுவாக்குங்கள்; நேர்மையான பயிர்ச்செய்கையாளன் அலுவலகம் அலுவலகமாக அலையும் வரை களவுதான் இலாபமாக இருக்கும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படுவோருக்கு நடத்தும் பயிற்சிகளில் இந்தப் பொதி விவகாரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்க வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம், காட்டு ஊதையும் தோட்ட ஊதையும் வேறுபடுத்தி அறியும் ஆய்வில் ஈடுபட வேண்டுமென்பதும் எமது விருப்பம்.

எமது சங்கத்தின் நிகழ்வுகளில் மூலம் தெரியாத ஊது இனிப் பாவிக்கப்படமாட்டாது என்று நிர்வாக சபை ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. உறுப்பினர்கள் தத்தமது மஹல்லாவிலுள்ள கடைக்காரர்களை நேரில் சந்தித்து இதே கோரிக்கையை வைப்பார்கள். பார்சல் கொடுத்து அனுப்பும் பேர்வழிகள் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் பொலிஸாருக்கோ சுங்கத் திணைக்களத்துக்கோ அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வறிக்கையின் பிரதிகள் சுற்றாடல் அமைச்சுக்கும், வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும், சுங்கத் திணைக்களத்துக்கும், அம்பாறை மாவட்டச் செயலகத்துக்கும், கரையோரப் பிரதேச செயலகங்களுக்கும், பிரதேசப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் அனுப்பி வைக்கப்படுகின்றன.

நிர்வாக சபை
கல்முனை